புற்றுமண்ணுக்கு ஒரு சிமிழ்

சங்கரன்கோவிலில் எங்கள் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் நான் உட்கார்ந்து பதினாறு வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் 'கூடாது' என்ற சொல்லை வாயில் எடுக்காத ஆள் என்று ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். மற்ற எல்லோருக்கும் அதுதான் மூச்சு. வாட்ச்மேனுக்குச் செருப்பு உள்ளே வரக் கூடாது. லிஃப்டுக்காரருக்கு நாலு பேருக்கு மேல் ஏறக் கூடாது. எனக்கு யாரும் ஃபைலைத் தொடக் கூடாது. அதைச் சிவப்பு மையில் எழுதி மேஜையில் ஒட்டியே வைத்திருந்தேன்.

அந்த ஒருவர் எங்கள் சிஸ்டர். நோய்த்தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்று அவருக்குப் பதவி. வந்த நோய் போக வேண்டும், ஆஸ்பத்திரி தன் பங்குக்குப் புதிதாக ஒன்றைக் கொடுத்தனுப்பக் கூடாது, அதுதான் அவர் பார்க்கிற வேலை. பாருங்கள், அவருடைய வேலையை விளக்குவதற்குக்கூட எனக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது. அவருக்குத் தேவைப்படவில்லை.

பனவடலிசத்திரத்திலிருந்து ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றால் அவரோடு பத்துப் பேர் வருவார்கள். வந்த வேகத்தில் மாமன்காரர் கட்டிலில் நோயாளியின் கால்மாட்டில் உட்கார்ந்துவிடுவார். வாட்ச்மேனாக இருந்தால் அங்கே ஒரு சண்டை நடக்கும். சிஸ்டர் எங்கிருந்தோ ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"அண்ணாச்சி, இது ஒங்களுக்குன்னே கொண்டாந்தேன். இங்கன உக்காருங்க, காத்து நல்லா வரும்."

தனக்கென்று ஒரு ஸ்டூல் வந்த மரியாதையில் மாமன்காரர் துள்ளி எழுந்துவிடுவார். மீதி ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு வேலை கிடைக்கும். ஒருவர் மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருவர் கீழே போய் வெந்நீர் வாங்க வேண்டும். ஒரு கிழவர், "ஊருக்குப் போற பஸ்ஸு எத்தனைக்குன்னு விசாரிச்சுட்டு வாங்க தாத்தா" என்று அனுப்பப்படுவார். பத்து நிமிஷத்தில் கட்டிலைச் சுற்றி நோயாளியும் அவர் மனைவியும் மட்டும்தான் இருப்பார்கள். யாரையும் யாரும் விரட்டியிருக்க மாட்டார்கள்.

டாக்டர்களிடமும் இதே கதைதான். ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போவதற்கு முன் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். இதை டாக்டர்களுக்கு யார் சொல்வது? எங்கள் பெரிய டாக்டர் இந்த வட்டாரத்திலேயே பேர்போன சர்ஜன். கைராசிக்காரர், ஆனால் முன்கோபத்துக்கும் அவர்தான் பெரிய டாக்டர். சிஸ்டர் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. வார்டு வாசலில் கைகழுவும் மருந்து பாட்டிலைக் கொஞ்சம் உயரமாகப் பிடித்தபடி நிற்பார், அவ்வளவுதான். பாட்டில் சரிவதைக் கண்டதும் பெரிய டாக்டரின் வலது கை தானாகக் குழிந்து நீளும், இடது கை அதற்குக் கீழே வந்துவிடும். கோவிலில் தீர்த்தம் வாங்கி வளர்ந்த கை அல்லவா! ஒரு நாள் ஏதோ யோசனையில் அதை வாய்க்கருகே கொண்டுபோய்விட்டார்.

"சார், இது கைக்கு மட்டும்" என்றார் சிஸ்டர், முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல். ஃபைல் கொண்டுபோயிருந்த நான் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் புளியங்குடிக்காரர். தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வருவார். கைப்பையில் எப்போதும் இரண்டு எலுமிச்சம்பழம் இருக்கும். ரத்தத்தைப் பார்த்துத் தலைசுற்றி விழுகிற உறவுக்காரர்களுக்கு ஒன்று. இன்னொன்று பெரும்பாலும் எனக்கு வந்து சேரும், ஏனென்றால் நான் தினமும் யாரோடாவது சண்டை போடுவேன். "மோந்து பாருங்க அண்ணாச்சி, கோவம் எறங்கும்" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போவார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இறங்கும்.

ஆரம்பத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். ஒரு முறை நேராகவே கேட்டேன்.

"சிஸ்டர், இப்படி எல்லாத்துக்கும் தலையாட்டுனா ஆஸ்பத்திரி உருப்படுமா? ஒரு அதட்டு அதட்டுனா என்ன?"

"அதட்டுனா என்ன செய்வாவ தெரியுமா? ஒளிச்சு வைப்பாவ. ஒளிச்சு வச்சா எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எப்படி அண்ணாச்சி தடுக்க?" என்றவர், போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். "எல்லாத்துக்கும் ஒரு எடம் இருக்கு. எடம் இல்லாததுதான் எல்லா எடத்துக்கும் போவும்."

அதைக் கேட்டபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. புற்றுமண் விவகாரம் வந்த பிறகுதான் விளங்கியது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர்க் கோவிலில் புற்றுமண்தான் அம்மன் பிரசாதம். தோலில் ஒன்று வந்தால் குழைத்துப் பூசுவார்கள், நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் கிடந்தால் வீட்டார் முதலில் போகிற இடம் கோவில்தான். மடியில் முடிந்துகொண்டு வந்த மண்ணை நெற்றியில் வைப்பதோடு நிறுத்த மனசு கேட்குமா? எங்கே வலிக்கிறதோ அங்கேயும் கொஞ்சம் வைப்பார்கள். வலிக்கிற இடத்தில் அன்றைக்குத்தான் தையல் போட்டிருக்கும். மண் எவ்வளவு புனிதமானாலும் தையல் போட்ட புண்ணுக்குள் போனால் அது மண்தான்.

பெரிய டாக்டரும் இதே ஊர்க்காரர்தான். அதனாலேயே அவருக்கு இதில் கோபம் ஜாஸ்தி. வாட்ச்மேனை வைத்து எல்லோருடைய பையையும் சோதிக்கச் சொன்னார். மண் பொட்டலம் அகப்பட்டால் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படிச் சோதனை நடந்த ஒரு வாரத்தில் ஒரு பெண், கணவருக்குக் குடல்வால் ஆபரேஷன், மண்ணைத் தலைமுடிக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். வெளியே வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில், கட்டுத்துணியை ஓரமாகத் தூக்கி உள்ளே தூவியிருக்கிறாள். இரண்டு நாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. காய்ச்சல் ஏறி, புண் பழுத்து, அந்த மனிதர் மூன்று வாரம் கிடந்து பிழைத்தார்.

பெரிய டாக்டர் அன்றைக்கு வார்டில் கத்தியது தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டது. அந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். சிஸ்டர் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். எல்லாம் அடங்கிய பிறகு டாக்டரின் அறைக்குப் போனார். ஏதோ ஃபைலைக் கொடுக்கிற சாக்கில் நானும் போய் நின்றேன்.

"பாத்தீயளா சிஸ்டர்? இன்னும் கறாரா இருந்திருக்கணும். கொண்டையையும் சோதிக்கணும் போல."

"சார், கறாரா இருந்ததாலதான் சார் அவ கட்டுக்குள்ள போட்டா. வெளிய வைக்க எடம் இருந்திருந்தா வெளியவே வச்சிருப்பா."

ஒரே புண்ணைப் பார்த்து இரண்டு பேரும் இரண்டு பாடம் படித்திருந்தார்கள். டாக்டர் மேஜைக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே ஒரு போர்டு சாய்த்து வைத்திருந்தது. 'மருத்துவமனைக்குள் புற்றுமண் கொண்டுவரக் கூடாது. மீறினால் நோயாளி வெளியேற்றப்படுவார்.' பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"ஆளையே வெளிய அனுப்பிருவீயளா சார்?" என்று சிஸ்டர் கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. "எனக்கு ஆடித்தபசு முடியுற வரைக்கும் டயம் குடுங்க. அதுக்குள்ள ஒரு வழி பண்ணுதேன்."

ஆடித்தபசு எங்கள் ஊர்த் திருவிழா. கூட்டம் குவிகிற மாதம், மண்ணும் குவிகிற மாதம். ஆகாத காரியத்தைக் கேட்கிறார் என்று நினைத்து டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார்.

சிஸ்டரின் வழி ரொம்ப எளிது. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் மண்ணுக்கென்று ஒரு டப்பா. மண் கொண்டுவருகிறவர்கள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும், அம்மன் பிரசாதத்தைத் தொடப் போகிறார்கள் இல்லையா. நோயாளியின் நெற்றியில் ஒரு பொட்டு இட்டுவிட்டு மீதியை டப்பாவில் வைக்க வேண்டும். பிறகு திரும்பவும் கை கழுவ வேண்டும். மண் நோயாளியின் பக்கத்திலேயே இருக்கும், புண்ணுக்குப் போகாது.

முதல் நாளே இது கவிழ்ந்தது. ஸ்டோரில் புத்தம்புது பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கி இருந்தன, மூடி போட்டது, ஒரு தூசி இல்லாதது. சிஸ்டர் அதைத்தான் எடுத்துக் கட்டில்தோறும் கட்டிவிட்டார். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தும் எங்கள் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு டப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏட்டி, இது மூத்திரம் பிடிச்சுக் குடுக்கச் சொல்லுத டப்பா இல்ல? இதுலயா அம்மன் மண்ணைப் போடச் சொல்லுத?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அரைமணி நேரத்தில் எல்லாக் கட்டிலிலிருந்தும் டப்பாக்கள் கழன்று தரையில் கிடந்தன. நான் சிஸ்டரின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு போனால், அவர் துணி அடுக்கும் லினன் அறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வர வர சிரித்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தோணலையே அண்ணாச்சி! அந்தம்மா இல்லைன்னா அம்மனையே லேபுக்கு அனுப்பியிருப்பேன்!"

சாயங்காலமே தெற்கு ரத வீதிப் பாத்திரக்கடைக்குப் போய்க் குங்குமம் வைக்கிற எவர்சில்வர் சிமிழ்கள் வாங்கிவந்தார். மறுநாள் அதே வாசுதேவநல்லூர் அம்மாளிடம்தான் முதல் சிமிழை நீட்டினார். அந்த அம்மாள் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து, மண்ணை வைத்து, மூடி, கட்டிலோரம் வைத்து ஒரு கும்பிடு போட்டார். அப்புறம் அவரே மற்ற கட்டில்காரர்களுக்கு எடுத்துச் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார். கை கழுவாமல் சிமிழைத் தொட்ட ஒரு மருமகனுக்கு அவரிடம் கிடைத்த வசவை நர்ஸுகள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆடி மாதம் முழுவதும் சிஸ்டர் ஒரு நோட்டில் எழுதினார். எந்தக் கட்டில், எப்போது மண் வந்தது, எங்கே போனது, புண் எப்படி இருக்கிறது. அந்த எண்களை எல்லாம் இங்கே எழுதி உங்களைப் படுத்த மாட்டேன். வாட்ச்மேன் தடுத்ததைவிடச் சிமிழ் அதிகமாகத் தடுத்தது, அது போதும்.

நோட்டை டாக்டரிடம் கொண்டுபோனால் அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு மூடினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நாமளே செஞ்சு நாமளே மெச்சிக்கிடுதது. வெளிய நாலு பேரு பாத்து ஒத்துக்கிடட்டும்." கம்ப்யூட்டரில் ஒரு மெயிலைத் திறந்து காட்டினார். ஆஸ்பத்திரித் தொற்றுத் தடுப்புக்கென்றே ஒரு மாநாடு, சென்னையில். ஆராய்ச்சிச் சுருக்கங்களை அனுப்பலாம், இருநூற்றைம்பது வார்த்தைக்குள். "எழுதி அனுப்புங்க. அவங்க எடுத்துக்கிட்டா போர்டு வேண்டாம். தள்ளிட்டாங்கன்னா மறுநாள் காலையில போர்டு கேட்டுல தொங்கும்."

உள்ளூர் மாடு விலைபோகாது என்று சும்மாவா சொன்னார்கள்! சிஸ்டர் நேராக என் அறைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, இங்கிலீஷ்ல எழுதணுமாம்."

ஆஸ்பத்திரியில் நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவர்கள் எல்லாம் டாக்டர்கள். அவர்களிடம் போகத் தயக்கம். அடுத்தபடி, இங்கிலீஷ் தெரிந்த மாதிரி நடந்துகொள்கிறவன் நான். மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்தோம். முதல் வரியிலேயே முட்டியது. புற்றுமண்ணுக்கு இங்கிலீஷில் என்ன? அகராதி சொன்னபடி எழுதினால், கட்டடத்துக்குக் கறையான் மருந்து அடிக்கிற விஷயம் என்று படிக்கிறவன் நினைப்பான். கடைசியில் புற்றுமண் என்றே இங்கிலீஷ் எழுத்தில் போட்டுவிட்டு, பிரசாதம் என்று விளக்கினோம். 'மூடநம்பிக்கை' என்று ஒரு வார்த்தையை நான் நுழைத்திருந்தேன். பெரிய இடத்துக்குப் போகிற எழுத்தில் அது இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று என் எண்ணம். அர்த்தம் கேட்டுவிட்டு சிஸ்டர் விரலை அதன்மேல் வைத்தார்.

"இதை எடுத்துருங்க. இப்படி எழுதிட்டு அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தம்மாகிட்ட சிமிழை நீட்ட?"

இன்னொன்றிலும் சண்டை. சிமிழ் வைத்த பிறகும் ஒரே ஒரு நோயாளிக்கு மண் புண்ணுக்குப் போய்ப் பழுத்திருந்தது. சிஸ்டர் லீவில் இருந்த நாள். "இதை எதுக்கு எழுதிக்கிட்டு? தள்ளிருவான்" என்றேன். "அவரு புண்ணு பழுத்தது நெசம்லா அண்ணாச்சி? அதுக்கும் ஒரு வரி குடுங்க" என்றார். கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துக் கொடுத்து இருநூற்றைம்பது வார்த்தை நிரம்பிவிட்டது.

கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. மூன்று மணிக்கு எல்லாவற்றையும் ஏற்றினால் அந்த இணையதளம் சிவப்பில் கத்துகிறது: இருநூற்றைம்பத்தொரு வார்த்தை. ஒரு வார்த்தை அதிகம். நான் எண்ணினேன், இருநூற்றைம்பது. சிஸ்டர் எண்ணினார், இருநூற்றைம்பது. லேப் டெக்னீஷியனைக் கூப்பிட்டு ரத்த அணு எண்ணுகிற கருவியை அமுக்கச் சொல்லி எண்ணினோம், இருநூற்றைம்பது. எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் சிஸ்டர்தான் திரையின் உச்சியைக் காட்டினார்.

"அண்ணாச்சி, மேல என்ன அது?"

பிள்ளையார் சுழி. எதை டைப் அடித்தாலும் முதலில் ஒரு 'உ' போட்டுத்தான் எனக்குப் பழக்கம். கை தானாகப் போட்டிருக்கிறது. அந்த இணையதளம் பிள்ளையாரையும் ஒரு வார்த்தையாகச் சேர்த்து எண்ணியிருக்கிறது.

"அதை எடுக்க மாட்டேன்" என்றேன். சிரிக்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ஒரே ஒரு தாளில் சுழி போட மறந்தேன், அந்தப் பாடத்தில்தான் கோட்டை விட்டேன்.

வேறு யாராவது என்றால் என்னைத் திட்டியிருப்பார்கள். சிஸ்டர் ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்து, பெரிதாக 'உ' எழுதி, புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியால் மானிட்டரின் உச்சியில் ஒட்டினார். "பிள்ளையாருக்கு இதுதான் நல்ல எடம். மொத்தத்தையும் மேல இருந்து பாத்துக்கிடுவாரு." நான் திரையில் இருந்ததை அழித்தேன். சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

அடுத்தது எழுதியவர்கள் பெயர். முதலில் சிஸ்டர் பெயரைப் போட்டேன். "ஒங்க பேரையும் போடுங்க" என்றார். டைப் அடித்தவன் பெயரெல்லாம் எதற்கு என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டேன். "பெரிய டாக்டர் பேரையும் போடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "போர்டு எழுதி வச்சிருக்கிற மனுசன் அவரு! தீர்ப்பு சொல்லப் போற ஆளையே வாதியா சேக்குதீயளே?"

"அவிய ஆஸ்பத்திரி, அவிய தச்ச புண்ணு. அவிய பேரு இல்லாம எப்படி அண்ணாச்சி?"

போட்ட மாத்திரத்தில், பெயர் கொடுத்த ஒவ்வொருவரும் தனக்கு வந்த மெயிலைத் திறந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்று வந்தது. டாக்டரோ ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார். நாலரைக்கு வெளியே வந்தவர், போனைப் பார்த்துக்கொண்டே என் அறைக்கு வந்துவிட்டார்.

"யாருவே என் பேரைப் போட்டது?"

நான் எழுந்து நின்றேன். சிஸ்டர் ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் போட்டார். "ஒருக்கா வாசிச்சுப் பாருங்க சார்."

உட்கார்ந்தார். படிக்கப் படிக்க நெற்றி சுருங்கியது. "இது என்ன இங்கிலீஷ்? எட்டாப்புப் பிள்ளை எழுதுன மாதிரி." கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அங்கே ஒரு வார்த்தையை மாற்றினார், இங்கே ஒரு வரியை உடைத்தார். 'ஏன் தடை செய்யவில்லை' என்ற இடத்தில் வந்து நின்றவர், சிஸ்டர் பக்கம் திரும்பி, "ஒளிச்சு வைக்கிறதைக் கண்காணிக்க முடியாதுன்னு வரணும்லா? அதைத்தானே சொன்னீய?" என்று கேட்டார். அந்த வரியை அவரே எழுதினார். வார்த்தை கூடிவிட்டதால் என்னுடைய அலங்காரங்கள் நாலைந்தைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் வெட்டினார். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சம்மதத்தை அமுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். பயப்படவில்லை என்று சிஸ்டர் சொன்னார், ஆனால் மெயில் வந்துவிட்டதா என்று கேட்க ஒரு நாளைக்கு நாலு தடவை என் அறைக்கு வந்தார். எலுமிச்சம்பழம் இரண்டையும் அவரே மோந்துகொண்டிருந்தார். வந்தது. எடுத்துக்கொண்டார்கள். போஸ்டராக வைத்து விளக்க வேண்டும். அன்றைக்கு வார்டு முழுக்க எலுமிச்சை ஜூஸ், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு உப்புப் போட்டது. "பார்ப்போம். ஏத்துக்கிட்டாங்க, சரி. அங்கன நின்னு கேள்வி கேப்பாங்கள்லா, அதையும் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார் டாக்டர். வாக்குக் கொடுத்தவர் இப்படி நழுவுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்டு இன்னும் அவர் அறையில்தான் இருந்தது.

செங்கோட்டை ரயிலில் மூன்று பேரும் போனோம். அந்த ஹாலில் நூற்றுக்கணக்கில் போஸ்டர்கள். பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள், பெரிய பெரிய கருவிகள். எங்கள் போஸ்டரில் ஒரு எவர்சில்வர் சிமிழ். சிஸ்டர் பட்டுச்சேலையில், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மதிப்பெண் போட வந்த அம்மாள் வடக்கே இருந்து வந்த ஒரு டாக்டர் போலிருந்தது. முழுவதும் படித்துவிட்டு இங்கிலீஷில் ஒரே கேள்வி கேட்டார்: வாசலிலேயே தடை செய்திருக்கலாமே, ஏன் இந்தச் சுற்றுவழி?

சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் எங்கள் பெரிய டாக்டர் முன்னால் வந்துவிட்டார்.

தடை செய்தால் ஒளித்துவைப்பார்கள் என்றார். கொண்டைக்குள் ஒளித்துவந்த பெண்ணைப் பற்றிச் சொன்னார், பயத்தால்தான் அவள் கட்டுக்குள் போட்டாள், அந்தப் பயத்தைக் கொடுத்தது நாங்கள்தான் என்றார். இடம் இல்லாததுதான் எல்லா இடத்துக்கும் போகும் என்று போஸ்டரைத் தட்டித் தட்டிச் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை சிஸ்டருடையது! வழியில் போனவர்களும் நின்று கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. திரும்பிப் பார்த்தால் சிஸ்டர் முகமெல்லாம் மலர்ந்து, தன் பிள்ளை மேடையில் பேசுவதைக் கேட்கிற மாதிரி நிற்கிறார்.

"அருமை. இது யாருடைய யோசனை?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

டாக்டர் போஸ்டருக்கு முன்னாலிருந்து இரண்டடி தள்ளி ஒதுங்கினார். "சிஸ்டர், இங்கன வாங்க" என்று தமிழில் சொல்லி, அவரை நடுவில் நிறுத்தினார். அந்த அம்மாளிடம் திரும்பி, "இவருடையது. நான் போர்டு எழுதி வைத்திருந்தவன்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

என் கண் நிறைந்துவிட்டது. மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

டீ குடிக்கும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் போர்டுக்குப் பின்பக்கம் சும்மாத்தானே கெடக்கு? ஊருக்குப் போனதும் பெயிண்டரை வரச் சொல்லும்வே. புற்றுமண் கொண்டுவருகிறவர்கள் முதலில் சிஸ்டரைப் பார்க்கவும்னு எழுதிக் கேட்டுல மாட்டச் சொல்லும்."

அடுத்த வருஷம் சிஸ்டருக்கு அரசாங்க வேலை கிடைத்துக் கிருஷ்ணகிரிப் பக்கம் போய்விட்டார். போர்டு அப்படியேதான் இருக்கிறது. மடியில் மண்ணை முடிந்துகொண்டு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு உள்ளே வந்து, "சிஸ்டர் யாரும்மா?" என்று கேட்கிறார்கள். டூட்டியில் எந்த நர்ஸ் இருந்தாலும், "நான்தாம்மா, கை கழுவிட்டு இப்படி வாங்க" என்று எழுந்து வருகிறார்.